குளிர்க்கிடங்கில் பதினோரு நிமிடம்

கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை.
மீன் வெட்டும் ஆலை, நார்வேயின் வடகோடி.
இங்கே சூரியன் வருஷத்தில் இரண்டு மாதம் விடுப்பெடுக்கும்;
கூட்டங்கள் எடுப்பதில்லை.

திங்கள்தோறும் காலை எட்டு,
மாடியறை, பன்னிரண்டு நாற்காலி,
லவங்கப்பட்டை ரொட்டி, இரண்டு குடுவை காபி.
காட் மீன் எத்தனை டன் என்று தொடங்கி
ஐவின்ட் வாங்கப்போகும் படகின் எஞ்சினுக்குள் நுழைந்து
யார் வீட்டுக் கூரையிலோ பனி சரிந்த கதையில் ஏறி
அரைத்த மாவையே அரைத்து
பத்தரைக்கு எழுவோம்.
என் நோட்டில் மூன்று வரி இருக்கும்.
மூன்றாவது: அடுத்த திங்கள் பேசலாம்.

ஜனவரியில், சூரியனுக்கு முன்பே,
புது மேலாளர் வந்தாள். டோர்குன்.
மூன்று கூட்டம் வாய் திறக்கவில்லை.
கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்து
அதையே பார்த்திருந்தாள்,
அடுப்பில் பால் வைத்தவள்போல.

நான்காம் திங்கள் மாடியறை பூட்டியிருந்தது.
கதவில் சீட்டு: கூட்டம், இரண்டாம் குளிர்க்கிடங்கு.
பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி.
அட்டைப்பெட்டிச் சுவர்களுக்கிடையே நின்றோம்.
வாயைத் திறந்தால் சொல்லுக்கு முன்னால் ஆவி வந்தது.
பேனா உறைந்தது; பென்சிலுக்கு மாறினேன்.
எத்தனை டன்? நாற்பத்திரண்டு.
எது பழுது? மூன்றாம் வரிசைத் தராசு.
யார் பார்ப்பது? நான்.
எப்போது? மதியத்துக்குள்.
ஐவின்ட் "என் படகு" என்று ஆரம்பித்து
மீசையில் பனி பூத்ததும்
"சரி, அப்புறம்" என்றான்.
பதினோரு நிமிடம்.
வெளியே வந்து சிரித்தோம்,
பள்ளிக்கூடம் சீக்கிரம் விட்டாற்போல.

ஆறு வாரம் இப்படி.
என் குறிப்புகள் அழகாகிவிட்டன:
வேலை, பெயர், நாள்.
கோடு போட்டுக் கோடு போட்டு ரசித்தேன்.

வைட்டெனிஸ் லிதுவேனியாக்காரன்,
தோலுரிக்கும் எந்திரத்தில் நிற்பவன்.
எங்கள் மொழியில் ஒரு வாக்கியம் சொல்ல
முதலில் கூரையைப் பார்ப்பான், பிறகு தன் பூட்ஸை;
வினைச்சொல் தேடி எங்கோ போய்த் திரும்புவான்.
மாடியறையில் அதற்கு வழியிருந்தது.
படகுக்கும் கூரைப்பனிக்கும் நடுவே
எப்படியும் ஓர் இடைவெளி விழும்;
ரொட்டிக்குக் கை நீட்டுவதுபோல் பேசிவிடுவான்.
கிடங்கிலோ
"வேறு ஏதாவது?" என்று டோர்குன் கேட்கும்போதே
அவள் கை கதவுப்பிடியில் இருக்கும்.
அவன் வாயிலிருந்து ஆவி மட்டும் வந்தது.
ஒரு திங்கள். மறு திங்கள். அதற்கடுத்ததும்.
நான் பார்த்தேன்.
ஆவியைக் குறிப்பில் எழுதும் வழக்கமில்லை.

மார்ச் நடுவில் ஒரு வியாழன்
எந்திரத்தின் காப்புத்தகடு கழன்றது.
அவன் விரல் அல்ல;
பக்கத்தில் நின்ற யாத்விகாவின்
இடது மோதிர விரல், மேற்கணு.
ஹெலிகாப்டர் சத்தத்துக்குள் அவன் கத்தினான்,
இம்முறை வினைச்சொல் தேடாமலே கிடைத்தது:
"மூன்று வாரமா ஆடிட்டிருந்தது!"

அடுத்த திங்கள் மாடியறை திறந்திருந்தது.
ரொட்டி வாங்கி வந்தவள் டோர்குன்.
யாரும் தொடவில்லை.
கடிகாரத்தை மேசையில் குப்புற வைத்தாள்.
டன் கணக்கை நேற்றே தாளில் அடித்து
ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள்;
அதைப் பற்றிப் பேச்சே எழவில்லை.
ஐவின்டின் படகுக்கு மட்டும்
குளிர்க்கிடங்கு ஒதுக்கப்பட்டது.
அவன்தான் முதலில் சிரித்தான், கொஞ்சம் தாமதமாக.

பிறகு டோர்குன், "வைட்டெனிஸ், நீ முதலில்" என்றாள்.
கூரை. பூட்ஸ். மறுபடி கூரை.
ஹீட்டர் கடகடத்தது. ஒருவர்கூட இருமவில்லை.
நான் எழுதினேன்:
எட்டு ஏழிலிருந்து எட்டு ஒன்பதுவரை, மௌனம்.

கடைசியில் அவன் சொன்னான்:
கீழ்த்தளக் கழிவறைக் குழாய் சொட்டுகிறது.

யார் பார்ப்பது?
எப்போது?
பென்சிலைச் சீவிக்கொண்டேன்.